துணிக்கொடிக்கு உறுதியான கம்பம்

வீட்டைச் சுற்றியுள்ள சிறு வசதிகளைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. கிணறு, கழிப்பிடம், சமையலறை என்று பெரிய தேவைகளைக் கவனித்துவிட்டால் எஞ்சியவை தாமாகவே அமைந்துவிடும் என்று எண்ணுகிறோம். ஆயினும் நாள்தோறும் தவறாது பயன்படுவன இச்சிறு வசதிகளே. துவைத்த துணியை உலர்த்தும் கொடி அவற்றுள் ஒன்று. கிராமத்து வீடுகளில் இதற்கென்று தனியே ஏற்பாடு இருப்பது அரிது. வேப்பமரத்திலிருந்து சன்னல் கம்பிக்கும், சன்னல் கம்பியிலிருந்து தெருவோர மின்கம்பத்திற்குமாக, கிடைத்த கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு நாம் நிறைவடைந்துவிடுகிறோம்.

இது சிறிய செய்தியன்று. மழைக்காலந்தோறும், துணி உலர்த்தச் சென்ற தாய்மார் மின்சாரம் பாய்ந்து உயிர் துறந்த செய்தியை நாளிதழ்களில் காண்கிறோம். காப்பாற்ற ஓடிய கணவரோ மகனோ உடன் மாண்டதையும் காண்கிறோம். மின்கம்பத்திலும் அதன் இழுவைக் கம்பியிலும் துணிக்கொடி கட்டலாகாது என்று மின்வாரியம் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. எச்சரிக்கை மட்டும் போதாது. கட்டக்கூடாத இடத்தைச் சொல்லும்போதே, எங்கே, எவ்வாறு கட்டலாம் என்பதையும் சொல்லுதல் வேண்டும். ஒரு நாள் வேலையில் முற்றத்தில் இரண்டு கம்பங்களை நிலையாக நட்டுக்கொள்ளும் முறையை ஈண்டு விளக்குவோம்.

விபத்து நேரும் விதம்

வீட்டிற்கு வரும் மின்னிணைப்புக் கம்பி பெரும்பாலும் சுவரில் நாட்டிய இரும்புக் குழாயின் வழியே உள்ளே நுழைகிறது. வெயிலிலும் மழையிலும் அதன் மேலுறை நாளடைவில் வெடிக்கிறது. குழாயின் விளிம்பில் உராய்ந்து தேய்கிறது. அக்குழாயிலேயே துணிக்கம்பியின் ஒரு நுனியைக் கட்டியிருந்தால், 230 வோல்ட்டு மின்சாரம் கொடி முழுவதிலும் பரவி நிற்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஈரத்துணி, ஈரக்கை, வெறுங்கால், நனைந்த தரை ஆகிய நான்கும் சேருமிடத்தில் ஒருவர் கம்பியைத் தொட்டால் விடுபடுவது கடினம்.

வீட்டில் மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதே என்று சிலர் துணிவு கொள்ளலாம். அக்கருவி நல்லது, எல்லா வீட்டிற்கும் வேண்டியது. 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தவுடனே அது இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் தனக்குப் பின்னால் உள்ள கம்பிகளில் நேரும் கசிவைத்தான் அது அறியும். வெளியிலிருந்து வரும் இணைப்புக் கம்பியோ அதற்கு முன்னால் இருக்கிறது. அங்கே ஏற்படும் கசிவை வீட்டிற்குள் இருக்கும் எந்தத் தடுப்பானாலும் நிறுத்த இயலாது. இக்காரணத்தால் கொடிக்கும் மின்னிணைப்பிற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாதவாறு விலக்கி வைப்பதே பாதுகாப்பாகும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கம்பம் நடுமிடம் வெயிலும் காற்றும் தடையின்றி வருமிடமாக இருத்தல் நலம். ஈரத்துணியில் பூஞ்சணம் விரைவில் பற்றும். நல்ல வெயிலோ துணியை விரைவில் உலர்த்துவதோடு நோய்க்கிருமிகள் பலவற்றையும் அழிக்கும். பெண்கள் மாதவிலக்கின்போது பயன்படுத்தும் துணிகளைக் கூச்சத்தினால் இருட்டறையிலும், வேறு துணிக்கு அடியிலும் போட்டு உலர்த்தும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உள்ளது. அரைகுறையாய் உலர்ந்த அத்துணி உடல்நலத்திற்கு ஊறு செய்யும். வீட்டின் பின்புறத்தில், தெருப்பார்வை படாத இடத்தில் கொடி அமையுமானால் அத்துணியும் நன்றாக வெயில் காணும். இதனை ஆடவர் அறிந்து இடம் ஒதுக்குதல் வேண்டும்.

கொடி வடக்கு தெற்காக ஓடுமாறு அமைத்தால் காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் படும். ஆடிமாதத்து மேல்காற்றும் துணியின்மேல் நேராக வீசும். முருங்கை மரத்தின் அருகே கட்டுதல் கூடாது. அதிலிருந்து உதிரும் கம்பளிப்பூச்சியின் மயிர் துணியில் ஒட்டி, உடுத்துபவர்க்குத் தாங்கொணா அரிப்பைத் தரும். பறவைகள் தங்கும் மரத்தின் அடியும் ஏற்றதன்று. நடைபாதைக்குக் குறுக்கே கொடி செல்லலாகாது. இருட்டில் மிதிவண்டியில் வருபவரின் கழுத்தை அது அறுத்துவிடும்.

மின்கம்பி தலைக்குமேல் செல்லும் இடத்தை அறவே விலக்க வேண்டும். இதற்கு ஓர் எளிய அளவு உண்டு. கம்பம் வேரோடு சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியையோ, மின்கம்பத்தையோ, அதன் இழுவைக் கம்பியையோ தொடக் கூடாது. அவ்வளவு தூரம் தள்ளி இடம் பார்க்க வேண்டும்.

இழுத்துக் கட்டினால் உறுதியா?

அண்மையில் நாம் ஓர் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டின் முற்றத்தில் இரண்டு கம்பங்கள் ஒன்றையொன்று வணங்குவனபோல் உட்புறம் சாய்ந்து நிற்பதைக் கண்டோம். நட்டு ஓராண்டுகூட ஆகவில்லையாம். "கொடி தொய்ந்தால் துணி மண்ணில் புரளுமே என்று மாதம் ஒருமுறை இறுக்கிக் கட்டுகிறேன், தம்பி. இறுக்க இறுக்கக் கம்பம் சாய்கிறது" என்று அவ்வீட்டுப் பாட்டியார் குறைபட்டுக்கொண்டார். காரணத்தை அவர் தம் வாயாலேயே சொல்லிவிட்டார்.

துணியின் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆனால் கயிறு கம்பத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. இந்த இழுப்பு, துணியின் எடையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கக்கூடும். 20 அடி நீளக் கொடியில் 10 கிலோகிராம் ஈரத்துணி பரவலாகத் தொங்குவதாகக் கொள்வோம். நடுவில் 1 அடி தொய்யுமாறு விட்டால், ஒவ்வொரு கம்பத்தையும் ஏறத்தாழ 25 கிலோகிராம் இழுப்பு தாக்கும். தொய்வை 6 அங்குலமாகக் குறைத்தால் இழுப்பு 50 கிலோகிராம் ஆகும். 3 அங்குலமாகக் குறைத்தால் 100 கிலோகிராம் ஆகும். தொய்வு பாதியாகும்போதெல்லாம் இழுப்பு இரட்டிக்கிறது. இறுக்கிய கொடி அழகாகத் தோன்றலாம். ஆயினும் கம்பத்தைச் சாய்ப்பதும் கயிற்றை அறுப்பதும் அதுவே.

ஆகவே 20 அடிக்கு 1 அடி தொய்வு விடுதலே முறை. கனமான போர்வைகளை உலர்த்தும் நாளில் கொடியின் நடுவே ஒரு கவைக்கொம்பை முட்டுக் கொடுக்கலாம். நம் முன்னோர் கையாண்ட முறைதான் இது. கணக்கும் அதற்குச் சான்று கூறுகிறது. நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டால், அதே அளவு தொய்வுக்கு இழுப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

எவ்வகைக் கம்பம்?

சவுக்குக் கம்பம் மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆயினும் மண்ணில் புதைந்த பகுதியைக் கரையான் அரிக்கும். ஈரமும் காற்றும் ஒருங்கே படும் தரைமட்டத்தில் மரம் முதலில் இற்றுப்போகும். அடிப்பாகத்தைத் தரைக்கு மேல் ஓரடி வரை தார் பூசி நட்டால் சிறிது காலம் கூடுதலாக நிற்கும். தற்காலிகத் தேவைக்கு மட்டுமே இது பொருந்தும்.

கருங்கற் கால் நெடுங்காலம் நிற்பது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களைத் தாங்கி நிற்பவை இத்தகைய கற்கால்களே. அப்பந்தல்களில் ஓரக் கால்களை வெளிப்புறம் சாய்த்து நட்டு, கம்பியால் தரையில் புதைத்த கல்லோடு பிணைத்திருப்பதை விவசாயிகள் அறிவர். பந்தலின் இழுப்பைத் தாங்க அவர்கள் கண்ட வழி துணிக்கொடிக்கும் பொருந்தும். உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் இரும்பு விரைவில் துருப்பிடிப்பதால், அங்கெல்லாம் கற்காலே சிறந்தது.

மற்ற இடங்களுக்குத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் ஏற்றது. 2 அங்குல விட்டமுள்ள நடுத்தர வகையை வாங்க வேண்டும். இவ்வகைக்கு அடையாளமாக நீல நிறப்பட்டை இடப்பட்டிருக்கும். மஞ்சள் பட்டையிட்டது மெல்லிய வகை, அது வளையும். கடைகளில் குழாய் 20 அடி நீளத்தில் கிடைக்கும். அதனை இரண்டாக வெட்டினால் 10 அடியில் இரண்டு கம்பங்கள் ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழாயைக் கடையிலேயே வெட்டி வாங்கி வருக. தெருவின் குறுக்கே செல்லும் தாழ்வழுத்த மின்கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. 20 அடிக் குழாயை நிமிர்த்தினால் அதன் நுனி 6 மீட்டரைக் கடந்துவிடும். நெடுங்குழாயை நிமிர்த்தும்போது அது மின்கம்பியில் பட்டு உயிரிழந்தோர் பலர். படுக்கையாகவே எடுத்துச் செல்வதும், வெட்டிய பின்னரே நிமிர்த்துவதும் வழக்கமாதல் வேண்டும்.

வேண்டிய சாமான்கள்

2 அங்குலக் குழாய் 10 அடியில் இரண்டு. குறுக்குக் கைகளுக்காக 1¼ அங்குலக் குழாய் 3 அடியில் இரண்டு. கயிறு மாட்ட நான்கு கொக்கிகள். சிமிட்டி 2 மூட்டை. மணல் 5 கன அடி. முக்கால் அங்குல ஜல்லி 10 கன அடி. குழியின் அடியில் பரப்பச் சிறிது சரளை. ஆற்றுமணலுக்குப் பதிலாக இக்காலத்தில் கிடைக்கும் எம்-சாண்டையும் பயன்படுத்தலாம். பற்றவைப்பவரிடம் குறுக்குக் கையைக் கம்பத்தோடு இணைக்கச் செய்து, இரண்டு ஓரங்களிலும் கொக்கிகளைப் பொருத்தி வாங்க வேண்டும். பற்றவைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடுமாதலால் அங்கெல்லாம் துருத்தடுப்பு வண்ணம் பூசுதல் அவசியம். குழாயின் மேல்வாயை மூடிவிட வேண்டும். இல்லையேல் மழைநீர் உள்ளே இறங்கும், குளவியும் கூடு கட்டும்.

குழாயின் அடிப்பாகத்தில், நுனியிலிருந்து 6 அங்குலம் மேலே துளையிட்டு, ஒரு முழ நீளக் கம்பித்துண்டில் பாதியைக் குறுக்காகச் செருகிவைக்க வேண்டும். ஒரு பக்கத்துக் கயிற்றில் மட்டும் துணி நிறைந்திருக்கும்போது கம்பம் திருகிக்கொள்ளாமல் தடுப்பது இக்கம்பியே.

நடும் முறை

1. இரண்டு கம்பங்களுக்கும் இடைவெளி 20 அடி. ஒரு புடவை 5.5 மீட்டர், அதாவது 18 அடி நீளம். அதனை மடிக்காமல் முழுவதும் விரித்துப் போட இவ்விடைவெளி வேண்டும்.

2. உயரத்தை ஏட்டைப் பார்த்து முடிவு செய்யலாகாது. வீட்டில் துணி உலர்த்துபவரை நிற்கச் செய்து, எட்டிப் பிடிக்கும் சிரமமின்றிக் கை எட்டும் உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அது 6 அடிக்கும் 6½ அடிக்கும் இடையில் அமையும். அதற்கேற்பக் குறுக்குக் கையைப் பொருத்துக.

3. 15 அங்குலச் சதுரத்தில், 3¾ அடி ஆழத்தில் குழி தோண்டுக. குழியின் பக்கங்கள் செங்குத்தாக இருக்கட்டும். மேலே அகன்றும் கீழே குறுகியும் இருத்தல் கூடாது. அடியில் 3 அங்குலம் சரளை பரப்பித் திமிசு போடுக. கம்பம் 3½ அடி மண்ணுக்குள்ளும் 6½ அடி வெளியிலும் நிற்கும். கரிசல் மண் கோடையில் வெடித்தும் மழையில் உப்பியும் கம்பத்தை அசைக்குமாதலால், கரிசல் நிலத்தில் குழியின் ஆழத்தைக் குறைக்கவே கூடாது. மணற்பாங்கான நிலத்தில் குழியை 18 அங்குலச் சதுரமாக அகலப்படுத்துக. அதற்கேற்பச் சிமிட்டி, மணல், ஜல்லி மூன்றையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

4. கம்பத்தைக் குழியில் நிறுத்தித் தூக்குக்குண்டு கொண்டு நேர் பார்க்க வேண்டும். பின்னர் உச்சி மட்டும் 1 அங்குலம் வெளிப்புறமாகச் சாயுமாறு வைக்க வேண்டும். கயிற்றின் இழுப்பு வந்தபின் அது நேராகிவிடும். மூன்று பக்கமும் கழி கொடுத்து அசையாமல் நிறுத்துக.

5. ஒரு பங்கு சிமிட்டி, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற விகிதத்தில் உலர்ந்த நிலையிலேயே நன்கு கலந்து, பின்னர் நீர் சேர்க்க வேண்டும். ஒரு மூட்டை சிமிட்டிக்கு 25 லிட்டர் நீர் போதும். வேலை எளிதாகிறதென்று நீரைக் கூட்டினால் கான்கிரீட்டின் வலிமை குறையும்.

6. 6 அங்குலம் 6 அங்குலமாகக் கொட்டிக் கம்பியால் குத்திக் கெட்டிப்படுத்துக. மேற்புறம் தரைக்கு 2 அங்குலம் உயர்ந்து, நாற்புறமும் சரிந்து, நீர் வழிந்தோடுமாறு பூசி முடிக்க வேண்டும்.

7. மறுநாள் முதல் ஏழு நாள்களுக்கு ஈரச்சாக்கைச் சுற்றி, உலராமல் நீர் தெளித்து வருக. அதற்கு முன் கயிறு கட்டுதல் கூடாது. அவசரப்பட்டு இரண்டாம் நாளே கொடி கட்டி, கம்பத்தை ஆட்டிவிட்டவர்களை நாம் அறிவோம். ஆடிய கம்பம் மீண்டும் இறுகுவதில்லை.

கற்காலாயின் சிமிட்டி இன்றியும் நடலாம். குழியில் கல்லை நிறுத்தி, உடைகல்லும் சரளையும் கலந்து 6 அங்குலத்திற்கு ஒருமுறை நீர் விட்டுத் திமிசால் கெட்டிக்க வேண்டும். வெளிப்புறத்தில் 4 அடி தள்ளி ஒரு கல்லைப் புதைத்து, அதிலிருந்து கற்காலின் தலைக்கு இழுகம்பி கட்டினால் கால் சாயாது. இழுகம்பி தடுக்கி எவரும் விழாதிருக்க அதில் வண்ணத்துணி சுற்றிவைப்பது நலம்.

கொடிக்கு ஏற்ற கயிறு

இரும்புக் கம்பி வேண்டா. அது துருவேறித் துணியைக் கறைப்படுத்தும், மின்சாரத்தையும் கடத்தும். மேலே பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியும் உறை கிழிந்தால் வெறுங்கம்பியே. நைலான் கயிறு ஏற்றது. ஆனால் அதுவும் வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். மேலே பொடியாக உதிரத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். தென்னங்கயிறும் பருத்திக் கயிறும் நனைந்தால் சுருங்கிக் கம்பத்தை இழுக்கும். அவற்றைக் கட்டுவோர் மழை வருமுன் ஒரு நுனியைத் தளர்த்திவிட வேண்டும். எக்கயிறாயினும் ஒரு நுனியில் அவிழ்க்கக்கூடிய முடிச்சையே இடுக.

நனைந்த கயிறும் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தவல்லது என்பதை மறக்கலாகாது. நைலான்தானே என்று மின்கம்பத்தில் கட்டுவது அறியாமை.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், கம்பத்தை அசைத்துப் பார்க்க வேண்டும். தரைமட்டத்தில் துரு தெரிந்தால் சுரண்டி வண்ணம் பூசுக. கம்பத்தில் மாட்டைக் கட்டுவதும், கொடியில் குழந்தைகளை ஊஞ்சல் ஆடவிடுவதும் கூடா. புயல் எச்சரிக்கை வந்தால் துணிகளை அகற்றிக் கயிற்றையும் அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் விரிந்த போர்வை பாய்மரம்போல் கம்பத்தைச் சாய்த்துவிடும்.

மின்சாரம் தாக்கியவரைக் கண்டால்

கொடியைப் பிடித்தபடி ஒருவர் வீழ்ந்து கிடந்தால் பதறி அவரைத் தொடுதல் கூடாது. தொட்டவரும் மாள்வர். வீட்டின் முதன்மை விசையை உடனே நிறுத்துக. ஆயினும் அதனால் மின்சாரம் நின்றுவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்; கசிவு வெளி இணைப்பில் இருக்கலாம். உலர்ந்த பலகையின்மேல் நின்று, நீண்ட உலர்ந்த மரக்கழியால் கம்பியை அவரிடமிருந்து விலக்க வேண்டும். விடுபட்டபின் மூச்சும் நாடியும் இல்லையெனில், மார்பின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே 108 அவசர ஊர்தியை அழைக்கச் செய்ய வேண்டும். இணைப்புக் கம்பி பழுதுற்றிருப்பதை முன்கூட்டியே கண்டால், 2021-இல் தொடங்கப்பெற்ற மின்னகம் சேவை மையத்திற்கு 94987 94987 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். பழுதை நாமே சரிசெய்ய முயலலாகாது.

இன்றே செய்வோம்

இவ்வேலைக்குப் பெருஞ்செலவு இல்லை. குழியைக் குடும்பத்தினரே தோண்டலாம். ஒரு கொத்தனாரும் ஒரு பற்றவைப்பவரும் சில மணி நேரம் உதவினால் போதும். இடம் குறுகிய தெருக்களில் நான்கைந்து வீட்டார் கூடி, பொதுவிடத்தில் ஊராட்சியின் இசைவோடு ஒரு வரிசைக் கம்பங்களை நட்டுக்கொள்ளலாம். சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசுவதும் நற்பயன் தரும்.

நாம் மேலே குறிப்பிட்ட பாட்டியார் வீட்டில், அன்றைக்கே கொடியைத் தளர்த்தி, நடுவே ஒரு கவைக்கொம்பை நிறுத்திவிட்டு வந்தோம். சாய்ந்த கம்பங்களை மறுபடியும் ஆழமாக நடப் பேரப்பிள்ளை ஒப்புக்கொண்டார். புறப்படுமுன் நிமிர்ந்து பார்த்தபோதுதான், அக்கொடியின் மற்றொரு கிளைக் கம்பி கூரையோரமாக மின்னிணைப்புக் குழாய் வரை சென்றிருப்பது தெரிந்தது. "அது பல வருடமாக அங்கேதான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்றார் பாட்டியார். இதுவரை ஒன்றும் ஆகாதது நற்பேறு; பாதுகாப்பு ஆகாது. அந்தக் கம்பியைக் கையால் தொடாமல், மின்வாரிய ஊழியரை வரவழைத்து, இணைப்பை நிறுத்தியபின்னரே அகற்றுமாறு சொல்லித் திரும்பினோம்.

இதனைப் படிக்கும் ஒவ்வொருவரும் இன்று மாலை வெளிச்சம் மங்குமுன் தம் வீட்டுக் கொடியின் இரு நுனிகளும் எங்கே கட்டப்பட்டுள்ளன என்பதை ஒருமுறை பார்த்தறிய வேண்டுகிறோம்.